உப்பளத்துக்கு வந்த நிழல்

பொட்டல்துறை உப்பளத்துக்கு நிழல் வந்தது ஒரு பங்குனி மாதத்து உச்சிவேளையில். மரம் வரவில்லை, நிழல் மட்டும்தான் வந்தது. காலையில் பட்டுக்கனி உப்பு வாரப் போனபோது தெற்கோரத்துப் பொட்டலில் ஒன்றுமில்லை. சாப்பாட்டு மணி அடித்து, உப்புப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, தலையில் சுற்றியிருந்த பழைய சேலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஒரு பெரிய மரத்தின் நிழல் கிளை கிளையாக, இலை இலையாக விழுந்து கிடந்தது. காற்றடித்தபோது அசைந்தது, காற்று நின்றபோது நின்றது. அதற்கு மேலே அண்ணாந்து பார்த்தால் வெறும் வானம்தான் இருந்தது.

முதலில் உள்ளே போனவை ஆடுகள். ஆடுகள் மனிதர்களைப் போல வாசலில் நின்று யோசிப்பதில்லை. அவை போய்ப் படுத்து அசைபோட ஆரம்பித்ததும் பட்டுக்கனியும் பின்னாலேயே போய் உட்கார்ந்தாள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தப் பாத்திகளில் உப்பு வாருகிறவள், மதியச் சோற்றை ஒருநாளும் நிழலில் உட்கார்ந்து தின்றதில்லை. ஆச்சரியப்படுவதைச் சாப்பிட்டு முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தூக்குவாளியைத் திறந்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு தூக்கம் வந்துவிட்டது, ஆச்சரியப்பட நேரமில்லாமல் போயிற்று.

அந்தப் பொட்டல் முழுக்க முந்தின வருஷம் வரைக்கும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. மைமூன் என்ற பெண்தான் ஆட்களையும் இயந்திரத்தையும் கொண்டுவந்து அதை வேரோடு பிடுங்கிப் போட்டவள். கடற்கரைக்கும் உவர் நிலத்துக்கும் ஆதியிலிருந்து உரிய செடிகளைத் திரும்பக் கொண்டுவந்து நடுவதற்காக ஒரு அறக்கட்டளை அவளை வேலைக்கு வைத்திருந்தது. கடலோர மணலில் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும், உப்பளத்து ஓரங்களில் உமரியும் நட்டுக்கொண்டு, நாற்றங்காலுக்கும் பொட்டலுக்கும் ஒரு பழைய ஸ்கூட்டரில் அலைந்துகொண்டிருந்தாள். "கருவேலத்துக்கு அடியில மூச்சு முட்டிக் கெடந்திருக்கும், பிடுங்குனதும் எந்திரிச்சு உக்காந்துட்டு" என்றான் டீக்கடை செல்வின். நிழல் எப்படி வந்தது என்பதைப் பற்றிப் பொட்டல்துறையில் நடந்த ஆராய்ச்சி அவ்வளவுதான். அடுத்த வாரம் அவன் தன் கடையையே அங்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

வந்த நிழலோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதுதான் ஊருக்குப் பெரிய பாடாக இருந்தது. காலையில் அது மேற்கே சாய்ந்து கிடக்கும், உச்சியில் காலடிக்குள் ஒடுங்கும், சாயங்காலம் கிழக்கே நீண்டு பக்கத்து முதலாளியின் உப்பளத்துக்குள் போய்விடும். தன் நிழலைப் பக்கத்து ஆட்கள் அனுபவிக்கிறார்கள் என்று இந்த உப்பளத்துக் கங்காணி சூசை சண்டைக்குப் போனார். தங்கள் மண்ணில் விழுவது தங்களுடையதுதான் என்று அவர்கள் சொன்னார்கள். கிராம அதிகாரி வந்து அளந்தார். அளந்து முடிப்பதற்குள் நிழல் நகர்ந்துவிட்டதால் செல்வினிடம் டீ குடித்துவிட்டுப் போனார். கடைசியில் மதியம் இவர்களுக்கு, சாயங்காலம் அவர்களுக்கு என்று சூரியனே பாகம் பிரித்துக் கொடுத்தது.

நிழல் எந்த இடத்தை வைத்துச் சுற்றுகிறதோ அங்கேதான் அடிமரம் இருக்க வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகு, அந்த இடத்தின் வழியாக யாரும் நடப்பதில்லை. கோபத்தில் கத்திக்கொண்டே விறுவிறுவென்று வருகிற சூசை அண்ணாச்சிகூட அந்த இடம் வந்ததும் ஒதுங்கிச் சுற்றிப்போய் மறுபக்கம் நின்று கத்துவார். பொழுது சாயும்போது பறவைகளின் நிழல்கள் வந்து கிளைகளின் நிழலில் அடையும், சத்தமே இல்லாமல் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். அங்கே பெண் பார்த்தார்கள், சம்பந்தம் பேசினார்கள், காது குத்தினார்கள். பிள்ளைக்குத் தொட்டில் கட்டத்தான் வழியில்லை என்பது ஒன்றே பெண்களுக்குக் குறை.

பொட்டல்துறையில் புதுவீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுவதற்கு முன்னால் அந்த வருஷத்து முதல் உப்பிலிருந்து ஆளுக்கு ஒரு கை கொண்டுபோய் வாசலில் போட வேண்டும். நிழலும் வீடுதானே என்று எல்லாரும் ஒரு கை போட்டார்கள். அது அன்றைக்கே இன்னும் கறுத்துத் திடமானது. வெயில் ஏறியதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பட்டுக்கனியின் புருஷன் தங்கத்துரை அதே பாத்திகளில் உப்பு வாரியவன். வெள்ளைப் பாத்தியில் விழுந்து திரும்புகிற வெயில் வருஷக்கணக்காக அவன் கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பார்வை போகவில்லை. ஆனால் வெளிச்சம் துளி பட்டாலும் ஊசி குத்துகிற மாதிரி வலித்து இமைகள் இறுக மூடிக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார்கள். கோயில் வேப்பமரத்து நிழலிலும் கொண்டுபோய் உட்காரவைத்துப் பார்த்தாயிற்று, பலனில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்தி இருட்டாக்கினால் கண் திறக்கும், ஆனால் இருட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. அப்படியே அவன் கயிறு திரித்துக்கொண்டும் கால் விரலால் தரையைத் தடவி நடந்துகொண்டும் வருஷங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

சித்திரையில் ஒருநாள் பட்டுக்கனி அவன் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிழலில் உட்காரவைத்தாள். வேறு எதிர்பார்ப்பு ஒன்றும் இல்லை. சோற்றை வீட்டில் மூடி வைத்துவிட்டு வருவதற்குப் பதிலாகப் பக்கத்தில் இருந்து போடலாமே என்றுதான். சாப்பிட்டுக் கை கழுவிய தங்கத்துரை, விடிந்து எழுந்தவன் மாதிரி, சாதாரணமாகக் கண்ணைத் திறந்தான். கையைப் பார்த்தான். தரையில் அசைகிற இலைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்கத் தொடங்கி, பார்வையை எடுக்கவே இல்லை. அவள் கூச்சப்பட்டு முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

"என்ன அப்படிப் பாக்கீங்க?"

"எப்போ நரைச்ச?"

"நீங்க பாக்காத நேரத்துல."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே கிட்டே குனிந்து, "மூக்குத்தி அதேதான்" என்றான்.

"அதையாவது மாத்தாம வச்சிருக்கேன். அடையாளம் தெரியணும்லா."

அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் சுமந்த உப்புப் பெட்டிகள் எதற்கும் கனமே இல்லை. அதற்குப் பிறகு தினமும் மதியம் அவனைக் கூட்டிவந்தாள். காலையில் எண்ணெய் தேய்த்துத் தலை வாரினாள். உப்பு வாருகிற இடத்துக்கு யார் பொட்டு வைத்துக்கொண்டு வருவார்கள், அவள் வைத்தாள். "மதினிக்குச் சாப்பாட்டு மணி அடிச்சாத்தான் கல்யாணக்களை வருது" என்று மற்ற பெண்கள் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். இத்தனை வருஷம் கண்ணாடிகூட அவளை அவசரமாகத்தான் பார்த்திருந்தது. இப்போது ஒரு மனிதன் வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்க்கிறான் என்றால் அந்தச் சந்தோஷத்துக்கு என்ன விலை சொல்ல முடியும்.

ஆடியில் ஊருக்கு ஒரு எண்ணம் தோன்றியது. நிழல் துணையில்லாமல் நிற்கிறது, அதற்கு ஒரு மரத்தைக் கட்டிவைப்போம். கோயிலிலிருந்து வேப்பங்கன்று ஒன்றை மேளத்தோடு கொண்டுவந்து அடிமரத்து இடத்தில் நட்டார்கள். நிழல் அதைச் சட்டை செய்யவில்லை. கன்று சில நாளில் கருகிப்போனது. புங்கை வைத்தார்கள், அதுவும் கருகியது. அப்போதுதான் பொட்டல்துறைக்கு நெஞ்சு பதறியது. தாங்கள் ஆசையாகப் போட்ட உப்புதான் மண்ணைக் கெடுத்துவிட்டது, மரத்தைத் தின்றது, நாளைக்கு நிழலையும் தின்னும் என்று எல்லாரும் நினைத்தார்கள். உப்பில் பிறந்து உப்பில் சாகிறவர்களுக்கு உப்பின் மேல் உள்ளூர ஒரு குற்ற உணர்வு எப்போதும் உண்டு. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு குடம் லாரித் தண்ணீர், குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீர், பெண்கள் இடுப்பில் சுமந்துவந்து நிழலின் மேல் ஊற்றினார்கள். தங்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டாமல் மிச்சம் பிடித்த தண்ணீர் அது. பட்டுக்கனி மட்டும் மற்றவர்களுக்குத் தெரியாமல் இன்னொரு குடமும் ஊற்றினாள்.

ஊற்ற ஊற்ற நிழல் நைந்தது. அதை முதலில் கண்டவன் தங்கத்துரைதான். ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தவன் சுருக்கென்று கண்ணை மூடினான். பழைய வேட்டியில் விழுகிற மாதிரி நிழலில் ஆங்காங்கே பொத்தல் விழுந்து வெயில் ஒழுகத் தொடங்கியிருந்தது. மழைக்காலம் போய்த் தை பிறந்து மறுபடி உப்பு விளைந்தபோது, பொத்தல் இல்லாத இடமாகப் பார்த்து ஜனங்கள் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. பட்டுக்கனி காலையிலேயே போய்த் திடமான ஓரிடத்தில் தன் தலைத்துணியைப் போட்டுப் புருஷனுக்கு இடம் பிடித்து வைத்தாள்.

உண்மை தெரிந்தது ஒரு தடுக்கலால். மாசியில் ஒருநாள் பெட்டி நிறைய உப்போடு அம்பாரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பட்டுக்கனி, நிழலுக்குள் புதிதாக எங்கே பொத்தல் விழுந்திருக்கிறது என்று பார்த்தபடியே நடந்து, செல்வினின் பெஞ்சில் இடறி, பெட்டியோடு விழுந்தாள். உப்பு முழுக்க நிழலில் கொட்டியது. பெண்கள் ஓடிவந்து கையால் அள்ளத் தொடங்கினார்கள், பட்டுக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். உமரிக்கு வரப்பு எடுத்துக்கொண்டிருந்த மைமூனும் ஓடிவந்து அள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, அள்ளாதீங்க. பாருங்க."

உப்பு கிடந்த இடத்தில் பொத்தல்கள் மூடிக்கொண்டிருந்தன. தொங்குகிற சின்னச் சின்ன இலைகள் வரிவரியாகத் தெளிந்தன. மைமூன் தரையில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். "நானும் ஒரு வருஷமா பூவரசா இருக்குமோ புன்னையா இருக்குமோன்னு மண்டையை ஒடைச்சுக்கிட்டு இருக்கேன். உப்பைத் தின்னு வளருற மரம் உகாதான். இங்க முன்னால உகாக்காடா இருந்திருக்கு. நீங்க மொதல்ல போட்டது சரி, அக்கா. நல்ல தண்ணியைத்தான் அதால தாங்க முடியல."

ஆடியிலிருந்து தங்கள் பிள்ளைகளின் தண்ணீரை ஊற்றி அதைக் கொன்றுகொண்டிருந்தோம் என்று தெரிந்தபோது, பெண்கள் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் மைமூன் ஸ்கூட்டரின் முன்னால் வைத்து ஓர் உகாக் கன்றைக் கொண்டுவந்தாள். ஒரு சாண் உயரம், கறுப்புப் பையில் நின்றது. அடிமரத்து இடத்தில் அதை வைத்த கணத்தில் நிழல் முழுவதும், கிளைகளும் இலைகளும் பறவைகளின் நிழலும், பாயைச் சுருட்டுகிற மாதிரி நாலாபக்கமும் சுருண்டு வந்து கன்றின் அடியில் புகுந்துகொண்டது. மிஞ்சியது கன்றின் சொந்த நிழல்தான், உள்ளங்கை அகலம். அத்தனை பேரும் கொதிக்கிற வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கத்துரை முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டான். பட்டுக்கனிதான் பாய்ந்து போய்க் கன்றைத் தூக்கினாள். நிழல் திரும்பி வந்தது, முன்பைவிடச் சற்று வெளிறி. அந்த ஒரு நிமிஷத்துக்குள் கன்றில் புதிதாக ஒரு தளிர் விட்டிருந்தது.

அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மைமூன் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள். உப்பு போட்டாலும் அடியில் மரமில்லாத நிழல் ரொம்ப நாள் தாங்காது, நைந்து நைந்து ஒருநாள் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு வெறும் கன்றை நட்டால் இந்தக் கொதிமண்ணில் அது பிழைக்காது. நிழல் உள்ளே இறங்கிய கன்று பிழைக்கும், இதை வைத்துச் சுற்றிலும் மற்றச் செடிகளையெல்லாம் வளர்த்துவிடலாம். ஆனால் அது மரமாகிற வரைக்கும் ஊருக்கு நிழல் இல்லை.

கூட்டம் நிழலிலேயே கூடியது. சூசை தொண்டையைச் செருமினார். "நமக்கென்ன, வெயில் புதுசா? நாம தாங்கிக்கிடுவோம். தங்கத்துரை கண்ணுக்கு யாரு பதில் சொல்லுதது?" எல்லாரும் தலையாட்டினார்கள். அதானே, பாவம் அந்த மனுஷன், அவருக்காகவாவது இந்த வருஷம் போகட்டும் என்றார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் மரத்தூண் கிடைத்த மாதிரி தங்கத்துரையின் கண்ணில் சாய்ந்துகொண்டு தங்கள் மதியத் தூக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பட்டுக்கனிக்கு அது தெரியும். தெரிந்தும் அத்தனை பேரிடமும் அவளுக்கு நன்றியாக இருந்தது.

"அப்ப இது உங்க வீட்டுல இருக்கட்டும் அக்கா" என்று மைமூன் கன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பட்டுக்கனிக்குக் கஷ்டமாக இருந்தது.

கன்று பையோடு வீட்டு வாசலில் ஓர் உடைந்த குடத்துக்குள் இருந்தது. பட்டுக்கனி உப்புத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது, செத்துப்போனால் நல்லது என்று மனதின் ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடும். ஓடியதற்காக இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். அது சாகவில்லை, சீரும் சிறப்புமாகத் தழைத்தது. தங்கத்துரை மூடிய கண்ணோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கயிறு திரிப்பான். ஒருநாள் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு, "கடுகு மாதிரி காருது" என்றான். பிறகு விரலால் அதன் உயரத்தை அளந்தான். அவன் அளக்கிறான் என்பதைப் பார்த்தும் அவள் பார்க்காதது போல இருந்தாள்.

உப்பைக் கொட்டிக் கொட்டி நிழலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே ஆவணி வரை ஓட்டினார்கள். அதற்குப் பிறகு போட்ட ஒட்டு ஒட்டவில்லை. கிழக்கு உப்பளத்தில் மாசமாயிருந்த ஒரு பெண், சாயங்கால நிழல் போதாமல் மதியமே இங்கே வந்து, பொத்தல் நகர நகரத் தானும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து உட்காருவாள். தங்கத்துரை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் எழுந்து தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் போய் நின்றான்.

அன்றைக்கு வீடு திரும்புகிற வழியில் பட்டுக்கனி அவன் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"நீங்க என்ன நெனைக்கீங்கன்னு எனக்குத் தெரியும். வேண்டாம்."

"ஊரே காத்துக் கெடக்கு பட்டு, என் ஒருத்தன் கண்ணுக்காக."

"உங்க கண்ணுக்காகன்னு ஊரு சொல்லுது. நான் அப்படிச் சொல்லல. எனக்காகத்தான் சொல்லுதேன்." அவள் பாதையிலேயே நின்றுவிட்டாள். "என் முகத்த ஒருத்தர் பாத்து எத்தன வருசம் ஆச்சு. இப்பதான பாக்கீங்க. எனக்கு இது போதாது. எனக்கு ஆசை தீரல."

இப்படியொரு வார்த்தையைத் தன் வாயால் சொல்லுவோம் என்று அவள் நினைத்ததே இல்லை. உப்பு வண்டி ஒன்று அவர்களைத் தாண்டிப் போனது. தங்கத்துரை அவள் கையைத் தேடிப் பிடித்தான். தோல் உரிந்து உப்புப் பூத்த கை. அதைத் தன் மூடிய கண்களின் மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தீரலதான்" என்றான். சற்றுத் தள்ளி நடந்த பிறகு, "நாளைக்கி அந்தப் பச்சச் சேலையக் கட்டிட்டு வா" என்றான்.

அது அவர்கள் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டிய சேலை. அதைக் கட்டிக்கொண்டு யாரும் உப்பு வாரப் போக மாட்டார்கள். அவன் என்ன முடிவு செய்துவிட்டான் என்று பட்டுக்கனிக்குப் புரிந்தது. வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைத்து, புகை என்று சொல்லிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மதியம் பச்சைச் சேலையில், கன்று இருந்த உடைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் புருஷனைப் பிடித்துக்கொண்டு அவள் வந்தாள். செல்வின் பாய்லரை அணைத்தான். சூசை எழுந்து ஒதுங்கி வழி விட்டார். மைமூன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தள்ளியே நின்றாள். பட்டுக்கனி கன்றை இறக்கிவைத்துவிட்டு, பொத்தல் இல்லாத கடைசி இடத்தில் புருஷனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். தங்கத்துரை கண்ணைத் திறந்தான். சோறு ஆறியது, யாரும் தூக்குவாளியைத் திறக்கவில்லை. அவன் அவள் நெற்றியைப் பார்த்தான், நரையைப் பார்த்தான், வெயிலில் வெடித்த உதட்டைப் பார்த்தான், உதட்டுக்குக் கீழே நாடியில் இருக்கிற சின்னத் தழும்பைப் பார்த்தான். அவள் இந்த முறை முந்தானையை இழுக்கவில்லை, குனியவில்லை. முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணீர் வழிந்தபோதும் துடைக்காமல்.

பிறகு அவன் எழுந்து, தானே அடிமரத்து இடத்துக்கு நடந்தான். யாரும் கால் வைக்காமல் ஒதுங்கிப்போன அந்த இடத்தில் முழங்காலிட்டு மண்வெட்டியால் குழி எடுத்தான். ஆளுக்கு ஒரு கை உப்பு கொண்டுவந்து குழியில் போட்டார்கள், புதுவீட்டுக்குப் போடுகிற மாதிரி. மாசமான அந்தப் பெண்ணும் போட்டாள். பட்டுக்கனி கன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் வைத்து மண்ணைத் தள்ளினான்.

நிழல் எழுந்தது. நைந்துபோயிருந்த கிளைகள், பொத்தல் விழுந்த இலைகள், வெயிலுக்கு ஒதுங்கியிருந்த பறவைகளின் கறுப்பு எல்லாம் அவர்களின் மடிமேலும் முதுகின்மேலும் கால்களின்மேலும் உரசிக்கொண்டு போய்க் கன்றுக்குள் இறங்கின. இறங்கும்போது லேசாகக் கடுகு வாசம் அடித்தது. அதற்குப் பிறகு பொட்டல் முழுக்க வெயில்தான். பெண்கள் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டார்கள். தங்கத்துரை இமைகளை இறுக்கிக்கொண்டு கன்றின் பக்கத்தில் முழங்காலிட்டபடியே இருந்தான். அவனைத் தூக்கிவிட வேண்டும் என்று பட்டுக்கனிக்குத் தெரிந்தது, ஆனால் வெறும் குடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். முடிந்துவிட்டது, இனி என்னைப் பார்க்க யாருமில்லை என்ற ஒரே நினைப்புதான் அவளுக்குள் இருந்தது.

அப்போது தங்கத்துரை மெல்லக் குனிந்தான். உள்ளங்கையால் மண்ணைத் தடவினான். கொதிக்கிற மண்ணில் ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தது. அந்த இடத்தை விரலால் சுற்றி அளந்துகொண்டு, வயிற்றை அழுத்திக் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, முகத்தை நகர்த்தி நகர்த்திக் கன்றின் அடிக்குக் கொண்டுபோனான். ஒரு கண் அளவுக்கு நிழல் இருந்தது. அந்த ஒரு கண்ணைத் திறந்தான்.

"பட்டு," என்றான், "இங்கன வா."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பட்டுக்கனி பச்சைச் சேலையோடு வெறும் மண்ணில் அவனுக்கு எதிரே குப்புறப் படுத்தாள். கன்னத்தைச் சுடுமண்ணில் வைத்து, கன்றின் மறுபக்கத்திலிருந்து அவன் பக்கமாக முகத்தைத் தள்ளினாள். இரண்டு முகத்துக்கு அங்கே இடமில்லை. அவள் நெற்றியில் வெயில் அடித்தது, உதட்டில் வெயில் அடித்தது. மூச்சுக் காற்றில் ஒரு சின்ன இலை இருவருக்கும் நடுவில் ஆடியது.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

அவன் அந்த ஒரு கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தான்.

"இப்ப மூக்குத்தி மட்டுந்தான் தெரியுது" என்றான். "மழ முடியட்டும். பங்குனிக்குள்ள நாடி வரைக்கும் வந்திரும்."